கை நடுக்கம்

செங்கல்பட்டில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது என்னை மனநலப் பிரிவில் இரண்டு வாரம் போட்டார்கள். ஊசி இல்லை, தையல் இல்லை, உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம் என்று கொண்டாட்டமாகத்தான் போனேன்.

என் பொறுப்பில் வந்தவர் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த மீனவர். காதில் யாரோ திட்டிக்கொண்டே இருப்பதாகச் சொல்லிச் சேர்ந்திருந்தார். மாத்திரையில் குரல் அடங்கியது. ஏதோ நானே அடக்கியது போல எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய மறுவாரமே மனைவியோடு வந்து, இரண்டு கைகளையும் என் மேஜைமேல் நீட்டினார். விரல்கள் ஆடின. மாத்திரை செய்கிற வேலை அது.

"போட்ல ஏத்த மாட்டேங்கிறாங்கமா," என்றார் மனைவி. "கை ஆடுற ஆளு வலை இழுக்கசொல்ல உள்ள வுழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க."

பெரிய டாக்டரிடம் ஓடினேன். நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை எழுதினார். பழைய மாத்திரையை நிறுத்தினால் குரல் திரும்பிவிடும், கொஞ்ச நாள் பொறுக்கச் சொல் என்றார். சொன்னேன்.

மீனவர் கோபப்படவில்லை. "கொரல் கேட்டுகினு இருந்தப்போ தெனம் கடலுக்குப் போனேன், யாரும் இன்னான்னு கேக்கல. இப்போ கொரல் இல்ல, கரையில குந்திகினு கீறேன். இதுல எதும்மா நோவு?"

நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்றேன். அதைச் சொன்ன என் வாய்மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போனேன். அவருக்கு உடம்பு சரியாகிவிட்டது, நடுக்கமும் குறையும் என்று படகுக்காரரிடம் மன்றாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொன்னா சரிதாம்மா. ஆனா நடுக்கடல்ல நீங்க இருக்க மாட்டீங்களே," என்றார். கையில் ஒரு பை நெத்திலியைக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்து என்னை அவசரப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு மத்தியானம் அதே படகுக்காரரும் ஆட்களும் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நடுக்கம் நின்றுவிட்டதே என்று படகில் ஏற்றிக்கொண்டார்களாம். நடுக்கம் நிற்க அவராகவே மாத்திரையை நிறுத்தியது அவர்களுக்குத் தெரியாது. கடலில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டே குதிக்கப் போனவரை, வலைக்கயிற்றால் கட்டித்தான் கரை சேர்த்திருந்தார்கள்.

கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. கட்டோடு இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார்.

"பாருமா," என்றார். "ஆடல."