ஹன்சாபென்னின் சட்டியில் முளைத்தது

கொச்சி மட்டாஞ்சேரியில் லதீஃபாவின் கடையில் பார்லி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நீர்க்கடுப்புக்காரர்கள். முளைக்க வைக்க வாங்குகிறவள் பக்கத்து வீட்டு ஹன்சாபென் மட்டும்தான். நவராத்திரி முதல் நாள் மண்சட்டியில் பார்லி விதைத்து அம்பா தேவி முன் வைப்பது குஜராத்தி வீடுகளின் வழக்கம். தன் முற்றம் முழுக்க சிமெண்டு என்பதால் மண்ணையும் லதீஃபாவின் கொல்லையிலிருந்தே அள்ளிக்கொள்வாள். அவளுடைய தமிழும் அந்தக் கொல்லைச் சுவரோரம் லதீஃபா வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்ததுதான்.

இந்த வருஷம் அந்தச் சட்டி வெறும் சடங்கு இல்லை. பூஜை கழிந்ததும் ஹன்சாபென்னுக்கு இதய வால்வு ஆபரேஷன். பயிர் அடர்ந்து வந்தால் போவேன், இல்லாவிட்டால் மாட்டேன் என்று மகன் ரோஹனிடம் முடிவாகச் சொல்லியிருந்தாள்.

பாதி நவராத்திரி போன பின் லதீஃபாவைக் கூப்பிட்டாள்.

"வந்து பாரு. அம்பா வேண்டாங்கறா."

சட்டியில் பார்லியின் அகல இலை ஒன்றுகூட இல்லை. அடி சிவந்து, நூல்போல நாலைந்து புல். லதீஃபாவுக்கு அது எந்தப் புல் என்று தெரிந்தது. மூட்டையைச் சலிக்கும்போது பார்லியோடு கலந்துவரும் காட்டுப்புல் விதைகளை அவள் கொல்லையில்தான் கொட்டுவாள். அது மண்ணோடு வந்து முளைத்திருக்கிறது. அப்படியானால் பார்லி?

மழை விடாத கர்க்கடக மாதத்தில் மூட்டையில் வண்டு ஏற, மொத்தத்தையும் இரும்புச் சட்டியில் சூடாக்கி எடுத்திருந்தாள். கஞ்சிக்கு அது கெடுதல் இல்லை. ஹன்சாபென்னுக்கென்று ஒரு பிடி பச்சையாக எடுத்துவைக்க மறந்துபோனாள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் கடைப் பெயர் தப்பும்.

"அம்பா ஒண்ணும் சொல்லலை, சேச்சி. நான்தான் வறுத்துட்டேன்."

"எந்தா?"

"வண்டுக்குப் பயந்து சூடாக்கினேன். செத்த பார்லியைத்தான் தந்திருக்கேன்."

"செத்ததை வெதச்சிட்டா நான் இத்தனை நாளும் பாட்டுப் பாடினேன்?"

"திட்டுங்க. ஆபரேஷனை மட்டும் வேண்டான்னு வெக்காதீங்க."

ஹன்சாபென் விரலால் புல்லைத் தொட்டாள். "அப்போ இது யாரு?"

"பார்லிக்குச் சொந்தக்காரன். கதிர் முத்தினா கையில நிக்காது, உதிர்ந்துடும். அதனால யாரும் வெதைக்கறதில்லை. கூப்பிடாமலே வருவான்."

"சொந்தக்காரன்னா பின்னே எப்படி வருவான்?"

ஹன்சாபென் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, புல்லுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

"அடுத்த வருஷம் பார்லி வேற கடையிலதான் வாங்குவேன்."

"வாங்குங்க."

"ஆஸ்பத்திரிக்கு நீ வரணும். கடையைப் பூட்டிட்டு."