கொண்டுவந்தவர் பெயர்

தன் வீட்டுக் கதவை உள்ளேயிருந்து இன்னொருத்தி திறப்பாள் என்று றஹீமா நினைத்திருக்கவில்லை.

ஓடு போயிருக்கும், கதவு யன்னலைக் கழற்றியிருப்பார்கள், வளவில் ஆளுயரத்துக்கு எருக்கலை நிற்கும் என்று புத்தளத்திலிருந்து வந்த வழி முழுதும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவள் அவள். தாராபுரத்தில் வீடு ஓடு கலையாமல் நின்றது. கிணற்றடியில் பிள்ளைகளின் உடுப்புக் காய்ந்தது. வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அந்தக் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரும்மா வேணும்?" என்று கதவைத் திறந்தவள் கேட்டாள். மலைநாட்டுப் பேச்சு.

"இது... இது ஆற்ற வீடு?"

"கொன்ஸ்ரன்ரைன் தம்பியோடது. அவங்க அம்மா திரேசம்மா இருந்தப்பவே நாங்க வாடகைக்கு வந்தோம். நான் ராக்கம்மா. நறுவிலிக்குளத்துல இருந்து ஓடி வந்தவங்க." கொஞ்சம் பெருமையோடு சேர்த்துச் சொன்னாள்: "வாடகைய நேரா சங்கத்துலதான் கட்டுவேன். போன மாசத்தோட கடன் முடிஞ்சிருச்சு. இன்னிக்கி வீட்டு உறுதிப் பத்திரத்த வாங்கத் தம்பி போயிருக்காரு."

றஹீமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிலை வைத்த அன்று பாத்திஹா ஓதி நார்சாவென்று இனிப்புக் கொடுத்தது அவள் கை. இன்று வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கும் தெரியும். கடைசித் தவணை கட்டி அடுத்த மாதத்து முதல் வெள்ளிக்கிழமை சங்கம் உறுதியைத் திருப்பிக் கொடுக்கும். அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில் ஐந்து வருடமாக அவள் விரல்மடித்து எண்ணிய நாள் அது. திரும்பி, சங்கக் கந்தோர் இருக்கும் தோட்டவெளிப் பக்கமாக நடந்தாள். நடை பாதியில் ஓட்டமாயிற்று.

பத்து வருடத்துக்கு முந்திய கதை இது. காணி றஹீமாவின் சீதனம். தையல் மெசினில் உழைத்த காசில் அத்திவாரம் போட்டிருந்தாள். சுவரெழுப்பக் காசில்லை. அவர்களுக்குள்ளே பெண்பிள்ளைக்கு வீடில்லாமல் மாப்பிள்ளை பேச முடியாது. மகள் பரீனாவுக்கு அப்போது பத்து வயது. வீடமைப்புச் சங்கம் கடன் கொடுத்தது, பத்து வருடத் தவணையில். ஆனால் வட்டி உண்டு. கணவர் சனூன் மீன் வியாபாரி, ஐந்து நேரமும் தொழுகிறவர். "வட்டிக் காசில எழும்பின சுவருக்குள்ள நான் எப்பிடித் தொழுறது? கட்டுறதெண்டால் கட்டு. நான் இந்தக் கொட்டிலிலயே மவுத்தாகிறன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுடைய தையலுக்குப் பழைய வாடிக்கைக்காரி தோட்டவெளித் திரேசம்மா. கேட்டுவிட்டுச் சிரித்தாள். "உன்ர மனுசன் அல்லாவுக்குப் பயம். எனக்கென்ன பயம்? என்ர பேரில எடு. அந்த வட்டிப் பாவத்தை நான் பாவசங்கீர்த்தனத்தில இறக்கிவைக்கிறன். சுவாமியாருக்கும் ஒரு புதுப் பாவம் கேட்டமாதிரி இருக்கும்."

கடன் எடுப்பவர் பேரில் காணி இருக்க வேண்டும். ஆகவே றஹீமா உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய்க் காணியைத் திரேசம்மாவுக்கு அறுதி விலையாக எழுதினாள். "காசு கைமாறினதோ?" என்று நொத்தாரிசு கேட்க, இரண்டு பேரும் ஒரே வாயில் "ஓம்" என்றார்கள். திரேசம்மா வட்டியில்லாமல் கைமாற்றுத் தந்ததாகச் சனூனுக்குச் சொல்லியாயிற்று. உண்மையை ஒருவருக்கும், பெற்ற பிள்ளைக்கும் சொல்வதில்லையென்று திரேசம்மா சிலுவையைத் தொட்டுச் சொன்னாள். கடன் முடிந்ததும் காணியைத் திருப்பி எழுதுவதென்பது பேச்சு. பேச்சு மட்டும்தான், ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபர் கடைசியில் இயக்கம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்றது. றஹீமா ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்: "எத்தினை மணிக்குள்ள போகோணும்?" துவக்கோடு நின்றவன் மணிக்கூட்டைப் பார்த்துப் பதில் சொன்னான். அவன் பார்த்த விதம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. ஓர் உரப்பையில் உடுப்பு, கையில் ஐந்நூறு ரூபா. வீட்டைப் பூட்டித் திறப்பைத் திரேசம்மாவின் கையில் வைத்துவிட்டு வள்ளம் ஏறினாள். புத்தளத்தில் இரண்டாம் வருடம் சனூன் மௌத்தானார், ஒன்றும் அறியாமலே. தொண்ணூற்று மூன்றில் திரேசம்மாவும் காய்ச்சலில் போய்விட்டாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அன்றைக்கு றஹீமா இரண்டு காரணத்துக்காக அழுதாள். இரண்டாவது காரணம் வெளியே சொல்லக் கூடியதல்ல.

சங்கக் கந்தோருக்குள் அவள் நுழைந்தபோது, திரேசம்மாவின் மரண அத்தாட்சிப் பத்திரம் மேசையில் கிடந்தது. எதிரே கதிரையில் கொன்ஸ்ரன்ரைன். வளர்ந்து தாடி வைத்திருந்தான். சண்டைக்குள் இந்தியாவுக்குப் படகேறி மண்டபம் முகாமில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் திரும்பியவன். மேசைக்கு அப்பால் எழுதுவினைஞர் சிவபாக்கியம், அதே தடித்த கண்ணாடியோடு உறுதியை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் குடுக்காதீங்கோ, அக்கா. அது என்ர வீடு."

சொல்லி முடிக்க றஹீமாவுக்கு மூச்சு வாங்கியது. முழுவதையும் சொன்னாள். கொன்ஸ்ரன்ரைன் முதலில் சிரித்தான். பிறகு எழும்பினான்.

"என்ன ராத்தா, பகிடியே? அம்மா செத்து மூண்டு வருசம். வாயில்லாத ஆளைச் சாட்சிக்கு இழுக்கிறியள். என்ர தங்கச்சி றஞ்சிதத்துக்கு இந்த வீடெண்டு பேசி, வைகாசியில கலியாணம். உறுதியில ஆற்ற பேர் இருக்கு, வாசிக்கட்டோ?"

"உன்ர அம்மான்ர பேர்தான். எனக்குத் தெரியும், தம்பி."

"பேந்தென்ன?"

ஐந்து வருடம் எண்ணிய எண்ணமெல்லாம் அந்த ஒரு சொல்லில் முடிந்து போயிற்று.

சிவபாக்கியம் உறுதியை மேசையில் வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றினாள். "ரெண்டு பேரும் இருங்கோ" என்றாள். இரும்பு அலுமாரியிலிருந்து பேரேட்டை எடுத்தாள்.

அந்தச் சங்கத்தில் அவளை எல்லாரும் பகிடி பண்ணுவது ஒன்றுக்காகத்தான். யார் கடனுக்கு யார் காசு கட்டினாலும், "ஆர் கொண்டந்தது?" என்று கேட்டுப் பெயரை எழுதாமல் பற்றுச்சீட்டு வெட்டமாட்டாள். முன்னொரு காலம் காசு கொடுத்தனுப்பிய ஒருவர், கொண்டுவந்தவர், சங்கம் என்று மூன்று பக்கத்தில் பெரிய சண்டை வந்தபிறகு, அடிமட்டம் வைத்து அவளே கோடிழுத்து ஒரு பத்தி சேர்த்தாள். அதன் தலைப்பு: கொண்டுவந்தவர் பெயர். யேசுநாதர் வந்து கட்டினாலும் பேர் கேட்பா என்பது தோட்டவெளிச் சிரிப்பு.

"எண்பத்தாறு மாசியில முதல் தவணை. கொண்டுவந்தவர் றஹீமா." விரலைக் கீழே இறக்கினாள். "பங்குனி, றஹீமா. சித்திரை, றஹீமா." தாள்கள் புரண்டன. "தொண்ணூறு ஒக்ரோபர் வரைக்கும் ஐம்பத்தேழு தவணை. ஒவ்வொண்டும் றஹீமா."

"அம்மா குடுத்து விட்டிருப்பா" என்றான் கொன்ஸ்ரன்ரைன். குரல் முன்னைப்போல் இல்லை.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அடுத்த தவணைக்குக் கொம்மா தானே வந்தவ. காசு கட்டவெண்டு முதல்முதல் வந்தவ. வந்து நிண்டு என்னட்ட என்ன கேட்டவ தெரியுமே? 'பிள்ளை, மாதம் எவ்வளவு கட்டோணும்?'" சிவபாக்கியம் கண்ணாடியைக் கழற்றினாள். "கடனெடுத்து அஞ்சாவது வருசம், தம்பி. தன்ர கடனின்ர தவணை எவ்வளவெண்டு அந்த மனுசிக்குத் தெரியாது."

வெளியே இராணுவ ட்ரக் ஒன்று போய் மறைந்தது.

"ஒன்பது மாதம் அவவே கட்டினவ. மூண்டாம் மாதம் வரேக்க காதில தோடு இல்லை. பேந்து ராக்கம்மாவை வாடகைக்கு இருத்தி, வாடகையை இஞ்சயே கட்டச் சொன்னவ. மிச்சம் ஐம்பத்திநாலும் ராக்கம்மா."

றஹீமா நிலத்தில் இருந்துவிட்டாள். கதிரை பக்கத்திலேயே இருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. முகாமில் தண்ணீர் வரிசையில் நின்ற எத்தனையோ விடியலில், 'அவ என்ர வீட்டைத் திண்டிட்டா' என்று தனக்குள் சொல்லியிருக்கிறாள். அதே மாதங்களில் திரேசம்மாவின் தோடு ஒவ்வொரு தவணையாக இந்த மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கொன்ஸ்ரன்ரைன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தோட்டைச் சோதனையில பறிச்சிட்டாங்கள் எண்டு முகாமுக்குக் கடிதம் எழுதிவிச்சவ" என்றான். "வெறுங்காதோடதான் அடக்கம் பண்ணினதெண்டு றஞ்சிதம் சொன்னாள்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே, ராத்தா?"

"சிலுவையைத் தொட்டுச் சொல்லிப்போட்டா, தம்பி. என்னாலதான்."

அவன் உறுதியைக் கையில் எடுத்தான். தாயின் பெயரைப் பெருவிரலால் ஒருதரம் தடவினான். பிறகு சிவபாக்கியத்திடமே திருப்பி வைத்தான். "திங்கக்கிழமை நொத்தாரிசிட்டப் போவம். திருப்பி எழுதுறன். தங்கச்சிக்கு என்ன சொல்லுறதெண்டுதான்..."

"தோடு நான் போடுறன்" என்றாள் றஹீமா. "முகாமில ஒரு மெசின் இருக்கு. தைச்சுப் போடுறன். கொம்மாட தோடு அவளுக்குச் சேரவேண்டியது."

பின்னேரத்து அசர் தொழுகை நேரம் தாண்டித் திரும்பி நடந்தாள். கால் நிலத்தில் பட்டதோ இல்லையோ, அவளுக்கே தெரியாது. வீட்டுப் படலையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. வாசலில் இரண்டு உரப்பை, வாய்கட்டி. பக்கத்தில் ஒரு குடம், சுருட்டிய பாய், மேலே கவிழ்த்த சட்டி. பிள்ளைகள் இரண்டும் நல்ல உடுப்புப் போட்டு நின்றன. வீட்டைக் கூட்டிக் கழுவியிருந்தது. கோலத்தைக்கூட அழித்திருந்தாள்.

ராக்கம்மா முன்னால் வந்து திறப்பை நீட்டினாள். அழவில்லை. ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருதரம், நறுவிலிக்குளத்திலிருந்து ஒருதரம் என்று இடம்விட்டு எழும்பிப் பழகிய ஆள்.

"எத்தன மணிக்குள்ள போகணும்மா?"

அந்தக் கேள்விக்கு மறுபக்கத்தில் தான் நிற்பதாக றஹீமா எந்த நாளும் எண்ணியதில்லை. கையில் மணிக்கூடு இருக்கிறதா என்று தன்னையறியாமல் பார்த்தாள். இருக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

"ஐம்பத்திநாலு" என்றாள்.

"என்னம்மா?"

"நீ கட்டினது. நான் ஐம்பத்தேழு." குனிந்து, கைக்கு எட்டிய உரப்பையின் கட்டைப் பிடித்தாள். பாரமாக இருந்தது. "அறை ரெண்டு கிடக்கு. முன்னறையை எனக்கும் பரீனாவுக்கும் விடு. மற்றப் பக்கத்தைத் தூக்கு, ராக்கம்மா. எனக்குத் தனிய ஏலாது."