எருமைக்கு நான் எழுதிய வசனங்கள்

போன வாரம் ஒரு மதியம். நான் வேலை செய்கிற இ-சேவை மையத்தில் சர்வர் படுத்துவிட்டது. வருமானச் சான்றிதழுக்கு வந்தவர்கள் என்னை முறைத்துவிட்டுப் போனார்கள், ஏதோ நான்தான் அதன் கழுத்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. பக்கத்து நாற்காலியில் உட்காரும் நந்தினி தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அக்கா, இது நம்ம மலைதானே?"

நம்ம மலைதான். திருவண்ணாமலையில் பிறந்தவர்களுக்கு அது எந்தப் பக்கத்து மலை என்றுகூடச் சொல்லத் தெரியும். அடி அண்ணாமலையிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை. கறுப்பு மையில் நாலைந்து கோடு, அடிவாரத்தில் சாலை, சாலையில் நூறு பேர் ஒரு பக்கமாக நடந்து போகிறார்கள். அவர்களுக்கு எதிரே, யாரையும் சட்டை பண்ணாமல், ஒரு எருமை வருகிறது. வரைந்தது யார் என்று பெயரைத் தேட வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை.

"வாராவாரம் போடுவாங்கக்கா. எக்கச்சக்கமான பேரு பாக்கறாங்க. சூப்பரா இருக்கும். வசனமே இருக்காது."

கடைசியாகச் சொன்னாளே, அந்த இரண்டு வார்த்தை, அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் "அப்படியா" என்றேன். அந்த நேரம் பார்த்துத்தானா பிரிண்டருக்கு உயிர் வர வேண்டும், அது ஒரு தாளைத் துப்பியது. சூடான தாளும் டோனரும் சேர்ந்து வருமே ஒரு வாசனை, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அது இருபத்திரண்டு வயதின் வாசனை.

அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்கு எவர்சில்வர் டம்ளர் வாங்கியவள் நான். அந்த டம்ளர் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதச் சொன்னால் இருளின் கொடுமையில் ஆரம்பிப்பேன். ஒரு பெரியவர் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் லைட்டுதானேம்மா கேட்டேன்?" என்றார். அவருக்கு ரசனை இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ரேவதி அந்தக் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவள். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற ஒரு காபிக் கடையில் வேலை. வாசலில் வைக்கிற கரும்பலகையில் இன்றைக்கு என்ன சாப்பாடு என்று சாக்பீஸால் எழுத வேண்டும், அதுவும் அவள் வேலை. எழுத்துக்குப் பதில் படம் போட்டுவிடுவாள். வந்தவர்கள் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே போனார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைக்கு அவள் கொண்டுவந்த நோட்டில் ஓர் எருமை இருந்தது. அது அவர்கள் வீட்டு எருமைதான். குபேர லிங்கத்துப் பக்கம் மேய்ந்துவிட்டு சாயங்காலம் தானாகவே வீட்டுக்கு வந்துவிடுமாம். பௌர்ணமி அன்றைக்கு உலகமே மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரே திசையில் சுற்றும்போது, இது மட்டும் எதிரே வரும். "எல்லாரும் முன்னாடி போறவங்க முதுகைப் பாத்துக்கினுதான் நடக்கறாங்க. எங்க எருமை மட்டும்தான்டி எல்லார் மூஞ்சியையும் பாக்குது" என்றாள். ஒவ்வொரு பக்கத்திலும் முகங்கள். கால் கொப்பளித்தவர், கடன்காரனைப் பார்த்துவிட்டவர், சண்டை போட்டுவிட்டு உர்ரென்று வரும் புதுப் பெண்டாட்டி.

"இது புஸ்தகமா வரணும்" என்றேன். "ஆனா எருமை பேசணும்."

"எருமையா?"

"ஏன், பேசக்கூடாதா?"

"பேசட்டும். நீயே எழுது."

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் படக்கதைப் புத்தகம். எட்டுப் பக்கம், நடுவில் இரண்டு பின். முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரும் வரைக்கும் மிஷின் எங்களுடையது. தாள் மட்டும் நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவரோடு ஒப்பந்தம். அவள் வரைந்து கொண்டுவருவாள். நான் வசனத்தை வெள்ளைத் தாளில் எழுதி, சுற்றிலும் கோடு போட்டு, எருமையின் வாய்ப் பக்கம் ஒரு வால் விட்டு, கத்தரித்து, அவள் படத்தின் மேல் கோந்து தடவி ஒட்டுவேன். பேச்சுக் குமிழி. ஒட்டி முடித்ததும் ஜெராக்ஸ்.

ஆரம்பத்தில் அவள் சாதாரண பென்சிலில் கோடு போட்டு, மேலே மை இழுத்து, பென்சிலை அழிக்கிறேன் என்று தாளையே கிழித்துவிடுவாள். "வெளிர்நீல கலர் பென்சில்ல போடுடி, எங்க மிஷின் கண்ணுக்கு அது தெரியாது" என்று சொல்லிக்கொடுத்தவள் நான். இதைப் படிக்கிற இடத்தில் அடியில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பௌர்ணமி அன்றைக்கு சாயங்காலம் நாலு மணிக்கே சாலையில் கூட்டம் சேர்ந்துவிடும். ரேவதியின் அப்பா வெள்ளரிக்காயும் தண்ணி பாட்டிலும் விற்க ஒரு கடை போடுவார். அதன் ஓரத்தில் எங்கள் புத்தகம். "கையில வெச்சுக்கினு எப்படிம்மா நடக்கறது?" என்று கேட்டவர்கள் உண்டு. வாங்கி விசிறிக்கொண்டு போனவர்கள் உண்டு. நின்று படித்தவர்களும் இருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. படித்துவிட்டு நிமிர்ந்து எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"படம் யாரும்மா போட்டது?"

எழுதினது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மூன்றாவது புத்தகத்தின்போது ஒரு அம்மா நடுப்பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். எந்த வசனம் என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். அவர் விரல் வைத்திருந்தது படத்தின் மூலையில், வேலியோரம் நின்று ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டிருந்த கிழவர் மேல். அங்கே என் எழுத்து ஒன்றுகூட இல்லை. ரேவதி வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் வைக்கப் போவதில்லை. பொறாமைதான். வெள்ளரிக்காயில் போட மிளகாய்த்தூள் வைத்திருந்தார்கள், அதை எடுத்து நெஞ்சில் தடவின மாதிரி இருந்தது.

அடுத்த புத்தகத்திலிருந்து என் குமிழிகள் வளர ஆரம்பித்தன. அதுவரை புளியங்கொட்டை அளவில் இருந்தவை இட்லி அளவாயின. பிறகு தோசை. எருமை பிறவிப் பயனைப் பற்றிப் பேசியது. மழையைப் பற்றியும் மனிதர்களின் அவசரத்தைப் பற்றியும் பேசியது. ஒவ்வொரு குமிழியும் எங்கே உட்கார்ந்தது என்று கேட்கிறீர்களா? எந்த இடம் பிரமாதமாக வந்திருக்கிறதோ அங்கே. பூக்காரியின் கை அழகாக விழுந்திருந்தால் அதன் மேல். மரத்து இலைகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து போட்டிருந்தால் மரத்தின் மேல். வசனம் பொருந்துகிற இடம் அதுதான் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

"எருமை ஏன்டி இவ்ளோ பேசுது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அதுக்கு மனசுல ஜாஸ்தி இருக்கு."

"அது எருமைடி."

ஐந்தாவது புத்தகம் வந்த சமயம், அவள் காபிக் கடையில் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் அசல் பக்கங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். நானும் இருந்தேன். அந்த அம்மாவும் படம் வரைகிறவர். பார்த்துக்கொண்டே வந்தவர், சட்டென்று ஒரு குமிழியின் ஓரத்தை நகத்தால் நிமிண்டித் தூக்கினார். கீழே ஒரு குழந்தை, அப்பாவின் தோளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஐயோ, இதைப் போய் மூடிட்டீங்களே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெளியே வந்ததும் ரேவதி தயங்கித் தயங்கி, "அடுத்த வாட்டி வசனத்தக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாமாடி?" என்றாள்.

"அப்ப வசனமே வேணாம்னு சொல்லிடு" என்றேன். சொல்லிவிட்டு அவளை அங்கேயே நிற்க வைத்துவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன், கோபத்தில் ஆட்டோகூட ஞாபகம் வரவில்லை.

பத்து நாள் கழித்து ஆறாவது புத்தகத்துக்கான பக்கங்களைக் கடையில் வைத்துவிட்டு, "நீ பாத்து ஒட்டிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பிரித்துப் பார்த்தேன். மலையும் மனிதர்களும் அவள் அதுவரை போட்டதிலேயே நல்லதாக இருந்தன. அதிலேயே பாதி செத்தேன். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் மேலே பாதிக்குப் பாதி வெறும் வானம். அதில் வெளிர்நீலப் பென்சிலால் லேசாக மேகம்.

நீலப் பென்சில். ஜெராக்ஸில் விழாது. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சோம்பேறித்தனம், பாதித் தாளை வெள்ளையாக விட்டுவிட்டு நாலு மேகம் போட்டு ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். ஒரு போன் போட்டு, "மேகம் விழாதுடி, மை இழுத்துட்டுப் போ" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விழாமல் போகட்டும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், உண்மையைச் சொன்னால் கையெல்லாம் பரபரத்தது. வானத்தை அப்படியே விட்டுவிட்டு, என் குமிழிகளை மலை மேல் ஒட்டினேன். ஒரு கட்டம் விடாமல், மலை மேல்.

புத்தகம் வந்தது. அவள் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினாள். வானம் பளிச்சென்று இருந்தது, மேகத்தின் சுவடுகூட இல்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கத்துவாள் என்று. "மலை மேல ஒட்டிட்டியா? சரி" என்றாள். அசல் பக்கங்களைப் பையில் போட்டுக்கொண்டாள். ஏழாவது புத்தகம் வரவில்லை. கொஞ்ச நாளில் அந்தச் சென்னை அம்மா மூலமாக அவளுக்கு அங்கே வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று அவள் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மனுதான். இப்போது அதுவும் கிடையாது, எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், அதற்குள் நூறு எழுத்துக்கு மேல் போகாது.

"இதப் பாருங்கக்கா, இது அவங்க ரொம்ப முன்னாடி போட்டதாம்" என்று நந்தினி விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். மேலே ரேவதி எழுதியிருந்தாள்: 'ஊரில் இருக்கும்போது வரைந்தது. கோந்து காய்ந்து ஒட்டினதெல்லாம் உதிர்ந்துவிட்டது.' கீழே ஆறாவது புத்தகத்தின் பக்கங்கள். மலை மேல் ஒவ்வொரு கட்டத்திலும் கோந்துக் கறை, டீ கொட்டினது மாதிரி. அந்தக் கறைகூட அழகாக இருக்கிறதாம், கீழே எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். என் கறைக்கும் பாராட்டு அவளுக்குத்தான் போகிறது.

போன் கேமராவுக்கு வெளிர்நீலம் தெரிகிறது. வானம் முழுக்க அந்த மேகங்கள் இருந்தன. நந்தினி ஒரு கட்டத்தைப் பெரிதாக்கினாள். நல்ல பெரிய மேகம், எனக்குப் பிடித்த தோசை அளவு. அதன் அடியில் நூல் மாதிரி ஒரு கோடு இறங்கி, எருமையின் வாயருகே வந்து நின்றது. அடுத்த கட்டத்திலும். அதற்கடுத்ததிலும்.

மேகத்துக்கு ஏது வால்? நான் சொல்லிக்கொடுத்த, மிஷின் கண்ணுக்குத் தெரியாத அதே பென்சிலில் என் குமிழிகளுக்கு இடம் குறித்து வைத்திருக்கிறாள். பாதித் தாளை எனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"மேகம் சூப்பரா இருக்குல்லக்கா?"

"ம். நல்லா இருக்கு."

மேகம் இல்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பார்க்கிற அத்தனை பேரும் மேகம் என்றே நினைத்துக்கொள்ளட்டும். அவை என்னுடையவை, அதில் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. போனை வாங்கி முதல் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், ஒவ்வொரு கட்டமாக நிறுத்தி, மலை மேல் அன்றைக்கு என்ன எழுதி ஒட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு பேசியதே அந்த எருமை, அதில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் இல்லை.