நாற்காலிக் கைப்பிடியில் எரிந்த விளக்கு

பெரியத்தாவின் நாற்காலி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதன் வலது கைப்பிடியின் அடியில் என் மாமா பேனாவால் எழுதியது இன்னும் அழியவில்லை: “ஜூலை. வெள்ளி. ஜும்மா முடிந்து. எரிந்தது.” தேதி இல்லை, ஆண்டும் இல்லை. எழுதுகிறவர்கள் வேண்டியதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு என்பதும், குற்றாலத்தில் அந்த வருடம் சாரல் நன்றாக இருந்தது என்பதும் நிச்சயம்.

மாமா, அம்மாவின் தம்பி, துபாயில் லிப்ட் மெக்கானிக். அந்த லீவுக்குப் போர்வையும் பிஸ்தாவும் வரும் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் ஒரு டப்பா நிறையப் பித்தளை வில்லைகளைக் கொண்டுவந்தார். நாணயம் அளவுதான் இருக்கும். தட்டினாலோ அதிர்ந்தாலோ துளி மின்சாரம் தரும். தென்காசியில் எங்கள் வீடு செங்கோட்டைச் சாலையை ஒட்டியது. கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளால் ஜன்னல் கண்ணாடி பொழுதெல்லாம் நடுங்கும். அந்த நடுக்கத்தில் விளக்கெரிக்கப் போவதாக மாமா அறிவித்தார். சுவரில் ஒட்டினார், ஜன்னலில் ஒட்டினார். ஒரே ஒரு முறை, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரி போனபோது, கடுகளவு சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

“ஈ.பி.காரன் பயந்துட்டான், மாப்ள” என்றார் என்னைப் பெற்ற அத்தா.

வீட்டில் ஓயாமல் நடுங்கியது வேறொன்று: பெரியத்தாவின் வலது கை. அவர் அத்தாவின் அண்ணன். பெரியம்மா இறந்த பிறகு எங்களோடு இருந்தார். தையற்கடை வைத்திருந்தவர். நடுக்கம் வந்ததும் கடையை மூடினார், பிறகு பள்ளிவாசலுக்குப் போவதையும் நிறுத்தினார். யாராவது வந்தால் கையைத் துண்டால் மூடிக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த மாமா, அவருடைய நாற்காலிக் கைப்பிடியில் வில்லைகளை ஒட்டி, மேலே மெல்லிய தகடு ஒன்றைப் பொருத்தினார். எதற்கு என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. பெரியத்தாவே துண்டை விலக்கிக் கையைத் தூக்கி வைத்தார். விரல்கள் தகட்டில் தட்டத் தட்ட விளக்கு விடாமல் மினுங்கியது.

“ஏட்டி, இங்கன வா. எத்தன யூனிட்டு ஓடியிருக்குன்னு பாரு. ஈ.பி. ஆபீஸுக்கு நான்லா இனி பில்லு அனுப்பணும்” என்று என்னைக் கூப்பிட்டார் பெரியத்தா.

அன்று முதல் துண்டு கொடியில் கிடந்தது.

தூங்கும்போது நடுக்கம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது: விளக்கு அணைந்திருந்தால் பெரியத்தா தூங்குகிறார், மிக்ஸி கூடாது, டிவி கூடாது. ராத்திரியெல்லாம் தூக்கம் பிடிக்காத மனிதருக்கு எங்களால் முடிந்த மரியாதை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தாவும் மாமாவும் வந்திருந்த விருந்தாளிகளை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார்கள். தேங்காய் அரைக்க மிக்ஸியை எடுத்த அம்மா, கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியத்தாவை எட்டிப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை.

“தூங்குதாவ. சத்தங் காட்டாத.”

அடுப்படிக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தேன். வெளியே ஒரு லாரி போனது. கண்ணாடி அதிர்ந்தது. அப்போது கைப்பிடியில் விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அம்மா, பெரியத்தா முழிச்சிட்டாவ!”

அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் ஒன்றுமில்லை. “லாரிட்டி அது. மனுசரத் தூங்க விடு.”

மதியம் ஈரத்துண்டும் மங்குஸ்தான் பழப்பையுமாக அவர்கள் திரும்பினார்கள். மாமாவின் கண் முதலில் விளக்கில்தான் விழுந்தது. “வயரு விட்டிருக்கும் போல” என்று நாற்காலிப் பக்கம் குந்தி உட்கார்ந்தார். பெரியத்தாவின் கைக்குப் பக்கத்தில், தகட்டை ஒரு விரலால் தட்டினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“நல்லாத்தான இருக்கு” என்றார்.

நான் கைதட்டினேன். இன்னொரு தடவை தட்டச் சொன்னேன். மாமா தட்டவில்லை. குந்திய இடத்திலேயே இருந்து “மச்சான்” என்று அத்தாவைக் கூப்பிட்டார். விளக்கு சரியாக எரிந்த பிறகும் மாமாவின் முகம் ஏன் அப்படி ஆனது என்று எனக்கு விளங்கவில்லை. பழத்தை எப்போது உடைப்பார்கள் என்று காத்திருந்தேன்.

வந்து பார்த்த டாக்டர், உயிர் போய்க் கொஞ்ச நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். மாமா துபாய் திரும்புமுன் வில்லைகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். லாரியின் அதிர்வு அந்த நாற்காலி வரை எட்டி விளக்கை எரிக்குமா என்று சோதித்துப் பார்க்க இப்போது வழியில்லை. அது லாரிதான் என்று அம்மா இன்றும் சொல்கிறாள். யாரும் கேட்காதபோதும் சொல்கிறாள். அந்த ஒரு முறை விளக்கு எதனால் எரிந்தது என்பது சரிபார்க்கப்படவில்லை.