மணல் கழுவிய நீர்

சிவகாசியில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்குக் குடிநீர் வாரம் ஒருமுறை, காலை எட்டு மணிக்கு மேல் வரும். ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. துணி துவைக்கலாம், குடிக்க இயலாது. அடுத்த வீட்டுப் பெண் எட்டு மணிக்கு முன்பே பட்டாசுத் தொழிற்சாலை வேனில் ஏறிவிடுவார். ஆதலால் தண்ணீர் நாளன்று தம் நான்கு குடங்களை எங்கள் குழாயடியில் வைத்துவிட்டுச் செல்வார். வீட்டிலிருந்தே நாட்காட்டிகளுக்கு மெய்ப்புத் திருத்தும் நான் அவற்றை நிரப்பி மூடி வைப்பேன். மாலையில் எடுத்துச் செல்வார். பல ஆண்டு வழக்கம் அது.

சென்ற ஆண்டு எனக்குக் கடல்மீன் வளர்க்கும் ஆசை வந்தது. கண்ணாடித் தொட்டியும் கடல்நீர் கலப்பதற்கான உப்பும் வாங்கினேன். அடியில் பரப்ப வெண்மணல் இரண்டு மூட்டை மதுரையிலிருந்து வந்தது. கழுவும் நீர் தெளியும்வரை மணலை அலச வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தண்ணீர் நாளன்று அடுத்த வீட்டுப் பெண்ணின் குடங்களை நிரப்பி வைத்தபின் அலசத் தொடங்கினேன். முதல் நீர் பாலாக வெளுத்திருந்தது. ஏழாவது நீரிலும் கலங்கல் தீரவில்லை. அப்போது குழாய் நின்றது.

எங்கள் குடங்கள் சமையலறையில் இருந்தன. தொட்டால் மனைவி கேட்பாள். அவருடைய குடங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. ஒன்றை மட்டும் என்றுதான் எடுத்தேன். நான்கும் காலியாயின. உவர்நீரில் கழுவிக் கடைசியில் ஒருமுறை நல்ல நீரில் அலசினாலே போதும் என்பது பிற்பாடுதான் தோன்றியது.

மாலையில் அவர் வந்தார். விரல்களில் அலுமினியத் தூள் மின்னியது.

“குடம் நெரம்பலையா அண்ணாச்சி?”

“சட்டுன்னு நின்னுபோச்சும்மா. எங்களுக்கே கெடைக்கல.”

எங்களுக்குக் கிடைத்ததா என்று அவர் கேட்கவேயில்லை. இரண்டாவது வாக்கியத்தை நானாகச் சேர்த்தேன்.

விளக்கேற்றும் நேரத்தில் இடுப்பில் ஒரு குடத்தோடு மீண்டும் வந்தார். “எங்க அக்கா வீட்டுல ரெண்டு குடம் தந்தாக. ஒண்ணு நீங்க வச்சுக்கோங்க. உங்களுக்கும் இல்லன்னீகளே.”

உள்ளிருந்து வந்த மனைவி, “எதுக்குத் தூக்கிட்டு அலையுற? நம்ம வீட்டுலதான் நெறைய இருக்கே” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். மணல் கழுவினேன் என்றேன்.

“மண்ணையா? மண்ணைப் போயி யாராச்சும் கழுவுவாகளா?”

“மீன் வளர்க்கம்மா.”

தொட்டியை எட்டிப் பார்த்தார். “மீனு எங்கன?”

“இனிமேல்தான் வாங்கணும். இதுல உப்புக் கரைச்சு...”

“உப்புத் தண்ணிதானா?” சிரித்தே விட்டார். “போர் மோட்டாரைப் போட்டா எம்புட்டு வேணும்னாலும் வந்திருக்குமே அண்ணாச்சி!”

கடல் உப்பு வேறு, நிலத்து உப்பு வேறு என்று விளக்க வாயெடுத்தேன். அந்நேரத்தில் விளக்கத் தோன்றியதை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது. அதற்குள் சிரிப்பு நின்றிருந்தது. இறக்கி வைத்த குடத்தை மீண்டும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

அடுத்த தண்ணீர் நாளில் குழாயடியில் எங்கள் குடங்கள் மட்டுமே இருந்தன. வேன் வருமுன் ஓடிப்போய், நிரப்பி வைக்கிறேன், குடங்களைத் தாருங்கள் என்றேன்.

“வேணாம் அண்ணாச்சி. எதுத்த வீட்டுல சொல்லிட்டேன்.”

குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் ஏதேனும் மறுமொழி சொல்லியிருப்பேன்.