மல்லிகைப்பூ வைக்காத மஹ்பூபா

மஹ்பூபாவும் நானும் நர்சிங் ஒன்றாகப் படித்தவர்கள். அப்போதெல்லாம் தலை நிறைய மல்லிகை வைப்பாள். மகள் சானியா பிறந்த பிறகு பெரிய மார்க்கெட் பூக்கடைப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

எல்லாம் செல்வாம்பாள் சிஸ்டர் செய்த வேலை. அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு அவருடைய ராஜ்யம். சானியா மார்பைக் கவ்வத் தெரியாமல் அழுதபோது, ஒரு வார்த்தை கேட்காமல் மஹ்பூபாவின் மார்பைப் பிடித்துப் பிதுக்கினார்.

"காம்பே இல்ல, புள்ள எதக் குடிக்கும்? இவ நர்ஸாம்!"

வார்டே சிரித்தது. பால் புட்டியைக் கையில் திணித்துவிட்டுப் போனார். பிறகு பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்தது. "மல்லிப்பூ வாங்கியாந்து மார்ல கட்டுங்க, பாலு வத்திடும்" என்று அவள் அம்மாவிடம் சொன்னதும் அதே புண்ணியவதிதான். கட்டினார்கள், வற்றிவிட்டது. புட்டிப்பால் குடித்த சானியா வயிற்றுப்போக்கில் துவண்டு பிழைத்ததே பெரும்பாடு.

"அவள சும்மா வுடமாட்டேன் மாலா" என்றாள் மஹ்பூபா என்னிடம்.

சண்டைக்குப் போகவில்லை. தாய்ப்பால் கொடுக்க உதவுவது எப்படி என்று தேடித்தேடிப் படித்தாள். பிறகு நர்ஸுகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளரானாள். ஊர் அதைச் சேவை என்றது. அது மனசுக்குள் வளர்த்த கறுவல் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியில் உத்தரவு வந்தது: இந்தப் பயிற்சியில் தேறாதவர்கள் பிரசவ வார்டில் இருக்க முடியாது. ஓய்வுபெறப்போகும் வயதில், கொண்டையில் மல்லிகையோடு, செல்வாம்பாளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மஹ்பூபாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நடித்துக் காட்டும் பாடம் வந்தது. மஹ்பூபா அவரைத் தாயாக உட்காரவைத்தாள். துணியில் தைத்த மார்பைக் கட்டிவிட்டு, கையில் பொம்மைக் குழந்தையைக் கொடுத்தாள். அப்புறம் துணி மார்பைப் பிடித்துப் பிதுக்கி, அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னாள். இளம் நர்ஸுகள் சிரித்தார்கள். செல்வாம்பாளின் முகம் செத்துப்போனது.

"யாரு மேடம் ஒரு பெத்தவகிட்ட இப்படிப் பேசுவாங்க?" என்று கேட்டார்.

"நீங்கதான் சிஸ்டர். எங்கிட்ட."

அவர் மஹ்பூபாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஞாபகம் இல்லம்மா. எல்லாருகிட்டயும் அப்படித்தான் பேசுவோம்."

மறுத்திருந்தால்கூட மஹ்பூபா தாங்கியிருப்பாள். அடித்தவளுக்கு அடித்ததே நினைவில்லை என்றால் எந்த நெஞ்சுதான் ஆறும்? எனக்கே அந்தம்மாவை இரண்டு அறை விடலாம் போலிருந்தது.

மறுநாள் வார்டில் பரீட்சை. வைத்திக்குப்பத்துச் சின்னப்பொண்ணுவுக்கு முதல் பிரசவம். குழந்தை கவ்வ முடியாமல் வீறிட்டது. மஹ்பூபா வேண்டுமென்றேதான் அவளைத் தேர்ந்தெடுத்தாள். செல்வாம்பாளின் கை பழக்கதோஷத்தில் நேராக மார்புக்குப் போனது.

"கையப் பின்னால கட்டுங்க" என்றாள் மஹ்பூபா.

தனக்குக் கீழே வேலை பார்க்கும் நர்ஸுகளுக்கு முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கை போனதும் வாய் மட்டும்தான் மிச்சம். அந்த வாய்க்கோ அதட்டத்தான் தெரியும். வெகுநேரம் தவித்துவிட்டுக் கடைசியில், "வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

சின்னப்பொண்ணு அழுதுவிட்டாள். செல்வாம்பாள் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அவள் சாய்ந்து படுத்துக் குழந்தையை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டாள். அது முட்டி மோதித் தானே கவ்வியது. வீறல் நின்றது.

"இவ்ளோதானா?" என்றார் செல்வாம்பாள். "எத்தினி பேருக்குப் பூவ கட்டச் சொன்னேன்..."

கொண்டையிலிருந்த பூவை உருவி எறிந்தார். மஹ்பூபா அதைப் பார்த்துக்கொண்டே அவர் அருகில் போனாள்.

"ஃபெயில் போட்டா வூட்டுக்குப் போயி மறந்துடுவீங்க. அதனால பாஸ் போடுறேன் சிஸ்டர். இந்த வார்டுலயே இருங்க. ஒவ்வொரு புள்ளயும் வாய் வைக்கறப்ப எம்புள்ள ஞாபகம் வரணும் ஒங்களுக்கு."