மிஸ்ஸின் சாவியும் மகன் சொன்ன சொல்லும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆட்களுக்கு முன்னால் கதைக்கவே கூச்சப்படுகிறவள் எழுதினால் முன்பின்னாகத்தான் இருக்கும், மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். எங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால், ஆணியில், பச்சை நாடா கட்டிய சாவி ஒன்று தொங்குகிறது. இன்று அது எந்தப் பூட்டையும் திறக்காது. இருந்தும் அதை எறிய எனக்கு மனம் வரவில்லை.

அது இங்கிலீஷ் மிஸ் தந்த சாவி. கோமாரி என்ற ஊரிலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தவர். எங்களுக்கு எதிர்வீட்டில்தான் வாடகைக்கு இருந்தார். லீவுக்கு ஊர் போகும்போதெல்லாம் சாவியை என்னிடம் தந்து, “ராத்தா, மரங்களுக்குத் தண்ணி ஊத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை அவர் இல்லாத நேரம், ஆடு ஒன்று மதில் பாய்ந்து வந்து, வீட்டுக்காரர் ஆசையாக நட்டிருந்த மாதுளங்கன்றை மொட்டையாக்கிவிட்டது. மிஸ் திரும்பி வந்த அன்றுதான் வீட்டுக்காரரும் வந்தார். ஒழுங்கையில் நின்று, “சாவிய வெச்சிக்கிட்டு என்னகா பாத்துக்கிட்டு இருந்த?” என்று என்மேல் பாய்ந்தார். மிஸ் செருப்பும் போடாமல் ஓடிவந்து நடுவில் நின்றார். “சாவி குடுத்தது நான். கேக்கிறதெண்டா என்னட்டக் கேளுங்க” என்றார். அந்த மனிதர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு என் மகளுக்குக் கலியாணம் பேசி வந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணமென்றால் தாய்மாமன்தான் முன்னுக்கு நிற்பார். மாப்பிள்ளை பார்த்தது, மகளின் பெயரில் வீட்டைக் கட்டி முடித்தது எல்லாம் என் காக்காதான், எனக்கு மூத்த அண்ணன். ஆகவே நிக்காஹ்விலும் அவரே மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுப்பார் என்று நாங்கள் யோசிக்காமலே இருந்துவிட்டோம். நிக்காஹ் எழுதுகிறவர் வந்து கேட்டபோதுதான் பிழை தெரிந்தது. “தாய்மாமன் வலியாக, பொண்ணக் குடுக்கிற பொறுப்பாளியாக ஏலாது. வாப்பா மவுத்து எண்டா புள்ளட கூடப்பொறந்த காக்காதான் வலி. அவர் வரணும், இல்லாட்டி அவர்ர வாயால இன்னொருத்தருக்குப் பொறுப்புக் குடுக்கணும்” என்றார்.

என் மகன் கட்டாரில் இருந்தான். “தங்கச்சிய உன்ட கையால குடு மகன்” என்று அவனுடைய வாப்பா கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனவர். வருவேன் வருவேன் என்றிருந்தவன் ஒருநாள் போனில், “லீவு தாறானுகள் இல்ல உம்மா. நான் மாமாக்கு டெலிகேட் பண்ணுறன், பயப்புடாதீங்க” என்றான். கந்தோர், ஆபீஸ் ஆட்கள் கதைக்கிற மாதிரி ஒரு இங்கிலீஷ் சொல். வாப்பாவின் சொல்லை இவன் கைகழுவிவிட்டான் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அதன்பிறகு அவன் அழைத்தால் நான் போனை எடுக்கவில்லை. கூடப்பிறந்தவனும் தாயும் கதைக்காமல் ஒரு கலியாணம் நடக்கப்போகிறதே என்று மகள் அழுதாள்.

மிஸ்ஸிடம் போனேன். “டெலிகேட் எண்டா, தட்டிக் கழிக்கிறதா மிஸ்?”

அவர் சிரிக்கவில்லை. “இல்ல ராத்தா. வேலையத்தான் மற்ற ஆளுக்குக் குடுக்கிறது. பதில் சொல்லுற கடமை குடுத்தவரிட்டத்தான் நிக்கும். மாதுளைய ஆடு திண்ட அண்டைக்கு ஓனருக்கு ஆர் பதில் சொன்னது?”

“நீங்க.”

“அதுதான் டெலிகேட். ஆனா அது பெரிய ஆள் தனக்குக் கீழ உள்ளவருக்குக் குடுக்கிறதுக்குத்தான் கூடுதலாப் பாவிக்கிற சொல். உங்கட மகன் மாமாவையே கீழ வெச்சிட்டார். அதுக்கு வேணுமெண்டா ஏசுங்க!”

நான் முதலில் அழுதேனா சிரித்தேனா என்று ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து மகனுக்கு நானே போன் எடுத்தேன். “உம்மா…” என்றான். மாமாவுக்கே பொறுப்பைக் கொடு என்றேன்.

நிக்காஹ் அன்று பெண்கள் நாங்கள் உள்ளறையில், திரைக்குப் பின்னால் இருந்தோம். போனில் முகம் தெரிய, வேலை உடுப்போடேயே நின்ற மகன், சாட்சிகள் கேட்க என் காக்காவுக்குப் பொறுப்புக் கொடுத்தான். காக்கா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹைச் சொல்லி முடித்தார். எல்லாம் முடிந்த பிறகும் மகன் போனை வைக்கவில்லை. “மச்சான், நாளைக்கு ஏதும் குறை எண்டா மாமாட்டப் போகாதீங்க. எனக்குப் போன் அடிங்க” என்று அவன் சொன்னது திரைக்கு உள்ளே எனக்குத் தெளிவாகக் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பிறகு மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்தது. போகிற அவசரத்தில் சாவியை வாங்க மறந்துவிட்டார். வீட்டுக்காரரும் பூட்டை மாற்றிவிட்டார். மாதுளை மட்டும் திரும்பத் தழைத்து, இப்போது மதிலுக்கு மேலால் காய்க்கிறது.

அந்தச் சொல்லின் கருத்தை நான் சரியாக எழுதினேனோ தெரியாது. இங்கிலீஷ் படித்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்; மிஸ்ஸே வாசித்தால் இன்னும் நல்லது. திருத்துகிற வேலையைத்தான் உங்களிடம் தருகிறேன். பிழை இருந்தால் என்னிடம் கேளுங்கள். சாவியும் என்னிடம்தான் இருக்கிறது.